பச்சையும் நீலமும்: இலங்கையின் இருகட்சிப் போட்டி எதைப் பிரித்தது?

இருகட்சி அரசியல் என்றால் அமெரிக்காவைத்தான் முதலில் சொல்வார்கள். அங்கே இரண்டு கட்சிகளும் கொள்கையில் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போய், நடுவில் நிற்க ஆளில்லாமல் போனதே சிக்கல் என்பது பொதுவான கணிப்பு. இலங்கையின் கதை வேறு. ஐக்கிய தேசியக் கட்சியும் (ஐ.தே.க.) ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியும் 1956 முதல் 1977 வரை ஆட்சியை மாறி மாறிப் பிடித்தன. அதன்பிறகும் பல பத்தாண்டுகள் நாட்டின் அரசியல் முறையே அவற்றின் நிறங்களான பச்சையையும் நீலத்தையும் சுற்றியே நடந்தது. பொருளாதாரத்திலும் வெளியுறவிலும் அவற்றுக்கிடையே வேறுபாடு உண்டு. நாட்டையே உடைத்த கேள்வியில், அதாவது தமிழ் பேசும் மக்களோடு அதிகாரத்தை எப்படிப் பகிர்வது என்பதில், இரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் நின்றன. ஆட்சியில் இருந்தபோது இரண்டுமே சமரசத்துக்கு வந்தன. எதிர்க்கட்சி வரிசைக்குப் போனதும் இரண்டுமே அந்தச் சமரசத்தைத் துரோகம் என்றன. இது தலைவர்களின் குறையா, தேர்தல் முறையின் விளைவா, சிங்கள பௌத்தத் தேசியத்தின் இயல்பா என்று ஆய்வாளர்கள் அரைநூற்றாண்டாக விவாதித்து வருகிறார்கள்.

இரண்டு கட்சிகளுக்கும் வேர் ஒன்றே. டி. எஸ். சேனநாயக்கா 1946இல் உருவாக்கிய ஐ.தே.க.வில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா மூத்த அமைச்சராக இருந்தவர். பிரதமர் பதவி தனக்கு வரப்போவதில்லை, சேனநாயக்கா குடும்பத்துக்குள்ளேயே போகும் என்பது தெளிவான நிலையில் 1951இல் வெளியேறிச் சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். இரண்டு பக்கத்துத் தலைவர்களும் ஆங்கிலம் படித்த, நிலபுலம் கொண்ட குடும்பங்களின் பிள்ளைகள். மொழிக் கொள்கையிலும் அப்போது பெரிய இடைவெளி இல்லை. சுதந்திரக் கட்சியின் முதல் கொள்கை அறிக்கை சிங்களம், தமிழ் இரண்டும் ஆட்சிமொழியாக வேண்டும் என்றது. பண்டாரநாயக்கா 1926இலேயே இலங்கைக்குச் சமஷ்டி ஆட்சிதான் பொருந்தும் என்று வாதிட்டவர். ஐ.தே.க. பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்து தருவதாகச் சொன்னார். அதற்கு எதிராகத் தெற்கு கொதித்தது. பண்டாரநாயக்கா தனிச் சிங்களத்துக்கு மாறினார். ஐ.தே.க.வும் பின்தங்க விரும்பாமல் 1956 பெப்ரவரியில் களனி மாநாட்டில் அதே தனிச் சிங்களத்தை ஏற்றது. ஐந்தே ஆண்டுகளுக்குள் இரண்டும் தம் பழைய வாக்கைக் கைவிட்டு ஒரே முழக்கத்துக்குப் போட்டியிட்டன. ஏப்ரல் தேர்தலில் பண்டாரநாயக்காவின் கூட்டணி 95 இடங்களில் 51ஐ வென்றது. ஐ.தே.க. 8 இடங்களாகச் சுருங்கியது.

அமெரிக்கப் பொருளியலாளர் அந்தோனி டவுன்ஸ் 1957இல் எழுதிய நூலில், இரண்டு கட்சிகள் மட்டும் மோதும் இடத்தில் இரண்டுமே நடுவில் நிற்கும் வாக்காளரை நோக்கி நகரும் என்றார். அந்த நகர்வு மிதவாதத்தைத் தரும் என்று பலரும் நம்பினார்கள். இலங்கையில் அவர் சொன்ன நகர்வு அப்படியே நடந்தது. மிதவாதம் மட்டும் வரவில்லை. யாரை வாக்காளராகக் கணக்கெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே நடு எங்கே விழும் என்பது முடிவாகும். 1948 குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கின. தொகுதிகளைப் பிரிக்கும்போது மட்டும் அவர்களின் தலைகள் எண்ணப்பட்டன. ஆகவே மலைநாட்டுக்குக் கிடைத்த கூடுதல் இடங்களை அங்குள்ள சிங்கள வாக்காளர்களே நிரப்பினார்கள். வடக்கு கிழக்குத் தமிழர் தம் கட்சிகளுக்கே வாக்களித்ததால் பெரிய கட்சிகளின் போட்டிக் களத்துக்கு வெளியே நின்றார்கள். எஞ்சிய களம் தென்னிலங்கைக் கிராமம். அந்தக் கிராமத்து வாக்காளரை நோக்கியே இரண்டு கட்சிகளும் நெருங்கின. கட்சிகள் நெருங்குவதால் ஒரு நாடு ஒன்றுபட்டுவிடும் என்று எண்ணுபவர்கள் இந்த உதாரணத்தை ஒருமுறையாவது கருத்தில் கொள்ள வேண்டும்.

கொள்கை ஒன்றாகிவிட்டால் எதைக் காட்டி மோதுவது? ‘நான் உன்னைவிட உறுதியானவன்’ என்பதைத்தான். இதற்கு முதல் பலி 1957 ஜூலையில் கையெழுத்தான பண்டா–செல்வா ஒப்பந்தம். தமிழரசுக் கட்சித் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் சமஷ்டிக் கோரிக்கையை அப்போதைக்கு ஒதுக்கி வைத்தார். பிரதமர் தன் பங்குக்குப் பிரதேச சபைகளையும், வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகத்தையும், குடியேற்றங்களில் பிரதேச சபைகளுக்கு அதிகாரத்தையும் ஒப்புக்கொண்டார். இன்றைய கண்ணுக்கு மிக எளிய ஏற்பாடு. அந்த ஒக்டோபரில் ஐ.தே.க.வின் ஜே. ஆர். ஜெயவர்த்தனா ஒப்பந்தத்தை எதிர்த்துக் கொழும்பிலிருந்து கண்டிக்கு நடைபயணம் கிளம்பினார். இம்புல்கொடவில் அரசாங்கப் பக்கத்தவர் அதை மறித்துவிட்டார்கள். ஆனால் பிரசாரம் நிற்கவில்லை. 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் ரோஸ்மீட் பிளேஸ் இல்லத்தின் முன் அமர்ந்தபோது பண்டாரநாயக்கா ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாதம் இனக்கலவரம். தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் அதற்குப் பின்னரே, ஓகஸ்டில், நிறைவேறியது. அடுத்த ஆண்டு பண்டாரநாயக்காவைச் சுட்டுக் கொன்றவர் ஒரு பிக்கு. சதிக்குத் தலைமை தாங்கியதாகத் தண்டிக்கப்பட்ட களனி விகாரையின் புத்தரகித்த தேரர், 1956இல் அவருடைய வெற்றிக்காக முன்னின்று உழைத்தவர்.

அடுத்த சுற்றில் பாத்திரங்கள் மட்டும் இடம் மாறின. 1960 மார்ச்சில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ஐ.தே.க. 50, சுதந்திரக் கட்சி 46, தமிழரசுக் கட்சி 15. டட்லி சேனநாயக்காவின் சிறுபான்மை அரசு, தமிழரசுக் கட்சியின் கோரிக்கைகளை ஏற்காத நிலையில் கவிழ்ந்தது. சுதந்திரக் கட்சி தமிழரசுக் கட்சியோடு இணக்கம் காட்டியது. ஜூலையில் கொல்லப்பட்ட பிரதமரின் மனைவி சிறிமாவோ பண்டாரநாயக்கா 75 இடங்களோடு ஆட்சிக்கு வந்தார். தமிழரசுக் கட்சியின் தயவு தேவைப்படவில்லை. 1961 ஜனவரி முதல் சிங்களம் முழு ஆட்சிமொழியாக அமுலானது. வடக்கு கிழக்கில் கச்சேரிகளின் (மாவட்டச் செயலகங்களின்) முன் நடந்த சத்தியாக்கிரகம் அவசரகாலச் சட்டத்தின் கீழ் படையால் அடக்கப்பட்டது. 1965இல் டட்லிக்குக் கிடைத்தவை 66 இடங்கள், பெரும்பான்மை இல்லை. ஆகவே டட்லி–செல்வா ஒப்பந்தம் வந்தது: மாவட்ட சபைகள், தமிழ் மொழிக்கு ஒழுங்குவிதிகள், குடியேற்றத்தில் உள்ளூராருக்கு முன்னுரிமை. அதை வெளியிடவே அரசு தயங்கியது. மறைத்துவைத்த உடன்படிக்கை எதிரணிக்குப் பெரிய ஆயுதமானது. 1966 ஜனவரி 8ஆம் திகதி ஒழுங்குவிதிகள் நாடாளுமன்றத்துக்கு வந்த அன்று கொழும்பில் எதிர்ப்பு ஊர்வலம் நடந்தது. பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளம் பிக்கு இறந்தார். டட்லியின் வயிற்றில் மசால் வடை என்ற இனவாத முழக்கம் அந்தக் காலத் தெருக்களில் எழுந்ததுதான். 1968இல் மாவட்ட சபை மசோதாவை டட்லி கைவிட, தமிழரசுக் கட்சி அரசிலிருந்து விலகியது.

அந்த ஜனவரி ஊர்வலத்தில் சுதந்திரக் கட்சியோடு நடந்தவர்களில் லங்கா சமசமாஜக் கட்சியினரும் கம்யூனிஸ்டுகளும் இருந்தார்கள். இலங்கை இடதுசாரிகளின் வரலாற்றில் இதைவிட வருத்தமான நாள் எனக்குத் தெரியவில்லை. 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து நாடாளுமன்றத்தில் துணிந்து பேசியவர்கள் அவர்கள். இரு மொழியென்றால் ஒரு நாடு, ஒரு மொழியென்றால் இரு நாடு என்று எச்சரித்த கொல்வின் ஆர். டி சில்வா சமசமாஜத் தலைவர். தனித்து நின்றால் தேர்தலுக்குத் தேர்தல் தேய்வோம் என்ற பயத்தில் 1964இல் அந்தக் கட்சி சிறிமாவோவின் அமைச்சரவைக்குள் போனது. சிங்களத்தையும் பௌத்தத்துக்கான முதலிடத்தையும் அரசியலமைப்பிலேயே பதித்த 1972ஆம் ஆண்டு யாப்பை வரையும் பொறுப்பு அதே கொல்வினிடம் வந்தது. இரண்டு பெரிய கட்சிகள் மோதும் களத்தில் மூன்றாவது குரலுக்கு நேர்வது இதுதான்: ஏதாவது ஒரு முகாமில் சேர்ந்து பிழைக்க வேண்டும், பிழைத்த பின் அந்த முகாமின் மொழியையே பேச வேண்டும்.

விளக்கங்களுக்கு வருவோம். தலைவர்களின் குணத்தை முன்வைப்போர் பண்டாரநாயக்காவின் தடுமாற்றத்தைச் சுட்டுவார்கள். அவருடைய வாழ்க்கையை விரிவாக எழுதிய ஜேம்ஸ் மேனரின் நூலில், பெரிய கனவும் உடனடி ஆதாயமும் ஒரே மனிதருக்குள் எப்படி மோதின என்பது தெரியும். ஆனால் நேர்மையானவர் என்று பலரும் மதித்த டட்லியும் அதே இடத்தில்தான் வந்து விழுந்தார் என்பதால், குணம் மட்டும் போதிய விடை ஆகாது. நீல் டிவோட்டா போன்ற ஆய்வாளர்கள் இனவாத ஏலப் போட்டியை முதன்மைக் காரணமாக வைக்கிறார்கள்: எதிரி ஒரு விலை சொன்னால் நாம் அதைவிட உயர்த்திச் சொல்ல வேண்டும் என்ற நிலை அரச நிறுவனங்களையே சிதைத்தது என்பது அவருடைய வாதம். செல்வநாயகத்தின் மருமகனும், பின்னர் ஜெயவர்த்தனாவுக்கும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் இடையே தூது நடந்தவருமான ஏ. ஜெயரத்தினம் வில்சன், வெஸ்ட்மின்ஸ்டர் பாணி ஒற்றையாட்சியே பெரும்பான்மைக்கு எல்லையில்லா அதிகாரத்தைக் கொடுத்துவிட்டது என்று எழுதினார்.

தேர்தல் கணக்கைப் பார்த்தால் வில்சனின் வாதத்துக்கு வலு கூடுகிறது. 1960 ஜூலையில் ஐ.தே.க. சுமார் 37 வீத வாக்கோடு 30 இடங்கள்தான் பெற்றது. அதைவிடக் குறைந்த வாக்குப் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 75. எதிரணி தொகுதிகளைப் பங்கிட்டுப் போட்டியிட்டதே காரணம். 1970இல் இரண்டு கட்சிகளுக்கும் ஏறத்தாழ சமமான வாக்கு, ஐ.தே.க.வுக்குச் சற்றுக் கூடுதல்கூட. ஆனால் அதற்குக் கிடைத்தவை 17, சுதந்திரக் கட்சிக்கு 91. 1977இல் காற்று திரும்பியது: 51 வீத வாக்குக்கு ஐ.தே.க. 168இல் 140ஐ அள்ளியது. சுமார் 30 வீதம் பெற்ற சுதந்திரக் கட்சி 8இல் முடிந்தது. சில ஆயிரம் வாக்குகள் இடம் மாறினால் ஆட்சியே மாறும் தொகுதிகள் தெற்கில் நிறைய இருந்தன. அந்தச் சில ஆயிரம் பேரைத் தம் பக்கம் இழுக்க இனப் பயம் மலிவான கருவி. தமிழருக்கு இதனால் நேர்ந்த பொறியைத் தனியே சொல்ல வேண்டும். தொங்கு நாடாளுமன்றம் அமைந்தால் வாக்குறுதி கிடைக்கும், அதை நிறைவேற்றும் வலு அந்த அரசுக்கு இருக்காது. பெரும் வெற்றி பெற்ற அரசுக்கு வலு இருக்கும், தமிழரின் ஆதரவு தேவைப்படாது. 1970இலும் 1977இலும் இரண்டாவது நிலையே.

மேலே நடந்ததை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான். சிங்களக் கிராமங்களுக்குள் பச்சைக் குடும்பம், நீலக் குடும்பம் என்ற பிளவு ஆழமாக வேரூன்றியது. அரசு வேலை, ஆசிரியர் நியமனம், இடமாற்றம், காணித்துண்டு, வீதி ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் எம்.பி.யின் கடிதம் வேண்டும் என்ற நிலை வந்தபின், தோற்ற கட்சிக்காரன் வீட்டுப் பிள்ளை அடுத்த தேர்தல் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1970இலும் 1977இலும் முடிவுகள் வெளியான நாட்களில் தோற்றவர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. மானிடவியலாளர் ஜொனதன் ஸ்பென்சர் 1980களின் தொடக்கத்தில் சபரகமுவ மாகாணத்துக் கிராமம் ஒன்றில் தங்கி எழுதிய நூலில், ஏற்கெனவே இருந்த குடும்பப் பகைகளும் காணிச் சண்டைகளும் கட்சிப் பெயர்களை எடுத்துக்கொண்டதைக் காட்டுகிறார். அவர் எழுதியதில் என்னை உலுக்கிய பகுதி வேறொன்று. கட்சி அரசியல் ஊரைப் பிரித்துவிட்டது என்று அந்த மக்களே வெட்கப்பட்டார்கள். சிங்கள பௌத்தத் தேசியம் அந்தப் பிளவுக்கு மேலே ஓர் ஒற்றுமையை அவர்களுக்குக் கொடுத்தது. ஊருக்குள் பச்சையும் நீலமும் எவ்வளவு மோதினவோ, அவ்வளவுக்கு ஊருக்கு வெளியே ஒரு பொது எதிரி தேவைப்பட்டது. தமிழர் மீதான பகையை மட்டும் தனியே எடுத்து ஆராய்பவர்கள் சிங்களவருக்குள்ளேயே கட்சி விதைத்த இந்தக் காயத்தைக் கவனிப்பதில்லை.

தமிழர் பக்கத்திலும் சின்ன அளவில் இதே ஆட்டம் நடந்தது. 1949இல் செல்வநாயகம் ஜி. ஜி. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்தபின் யாழ்ப்பாணத்தில் இரண்டு கட்சிப் போட்டி உருவானது. பண்டா–செல்வா ஒப்பந்தம் தமிழரின் உரிமையை விற்றுவிட்டது என்று தமிழ்க் காங்கிரஸ் குற்றம் சாட்டியது. 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியபின், அதைவிடக் குறைந்த எதையும் பேச முன்வந்த தலைவர்களை இளைஞர் இயக்கங்கள் துரோகிகள் என்றன. இங்கே ஏலத்தின் விலை உயிராக இருந்தது. இதைச் சொல்வதால் இரண்டு பக்கக் குற்றமும் சமம் என்று ஆகிவிடாது. அரசு அதிகாரம் ஒரு பக்கத்தின் கையில் இருந்தது.

1978ஆம் ஆண்டு யாப்பு தொகுதி முறையை நீக்கி விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தையும் நிறைவேற்று அதிகார ஜனாதிபதியையும் கொண்டுவந்தது. ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் இரண்டாம், மூன்றாம் விருப்பையும் குறிக்கலாம் என்பதால் வேட்பாளர்கள் எல்லா இனங்களிடமும் செல்வாக்குத் தேட வேண்டியிருக்கும் என்று அரசியல் ஆய்வாளர் டொனால்ட் ஹொரோவிட்ஸ் நம்பிக்கை தெரிவித்தார். ஆனால் 2024க்கு முன் இரண்டு பெரிய வேட்பாளர்களில் ஒருவர் ஒவ்வொரு முறையும் முதல் எண்ணிக்கையிலேயே பாதியைத் தாண்டினார். இரண்டாம் விருப்பு முதன்முதலாக எண்ணப்பட்டது 2024இல்தான். இன்னொரு பக்கம், 1977இல் கிடைத்த ஆறில் ஐந்து பங்குப் பெரும்பான்மையை ஜெயவர்த்தனா எதிரியை அழிக்கவே பயன்படுத்தினார். 1980இல் சிறிமாவோவின் குடியியல் உரிமைகள் பறிக்கப்பட்டன. 1982 டிசம்பர் மக்கள் தீர்ப்பின் வழியாக அதே நாடாளுமன்றத்தின் ஆயுள் நீட்டப்பட்டது. எதிர்க்கட்சி என்று பயப்பட ஒன்றும் இல்லாத அந்த ஆண்டுகளில் அவர் தமிழருக்குக் கொடுத்தவை அதிகாரம் அற்ற மாவட்ட அபிவிருத்திச் சபைகள். 1977 தேர்தல் அறிக்கையில் வாக்களித்த சர்வகட்சி மாநாடு 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பின், 1984 ஜனவரியில்தான் கூடியது. இந்த இடத்தில் போட்டிக் கோட்பாடு மட்டும் போதாமல் போகிறது. ஏலம் கட்சிக்குள் நுழைந்துவிட்டிருந்தது: அமைச்சரவையிலேயே சிறில் மத்தியூ இனவாதப் பிரசாரத்தை நடத்திக்கொண்டிருந்தார். இருபது ஆண்டு மோதலில் பழகிய மொழி, எதிரி இல்லாதபோதும் நாவில் ஒட்டிக்கொண்டது என்பதே என் கணிப்பு.

1987இல் மாகாண சபைகளுக்கு வழிவகுத்த இந்திய–இலங்கை ஒப்பந்தம் வந்தபோது சுதந்திரக் கட்சி அதை எதிர்த்தது, 1988 மாகாண சபைத் தேர்தல்களைப் புறக்கணித்தது. ஆனால் 1993இல் அக்கட்சியின் சந்திரிகா குமாரதுங்க மேல் மாகாண முதலமைச்சராகி, அங்கிருந்துதான் நாட்டின் தலைமைக்கு ஏறினார். ஜனாதிபதியாக அவர் முன்வைத்த அதிகாரப் பகிர்வு யோசனைகள் எந்த இலங்கை அரசும் அதுவரை சொல்லத் துணியாதவை. 2000 ஓகஸ்டில் புதிய யாப்பு மசோதாவை அவர் நாடாளுமன்றத்தில் வைத்தபோது ஐ.தே.க. உறுப்பினர்கள் சபைக்குள்ளேயே பிரதிகளைக் கொளுத்தினார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் அதே யோசனைகளைப் பற்றி அரசோடு மேசையில் அமர்ந்து பேசியவர்கள் அவர்கள். இரண்டு ஆண்டுகளில் ஐ.தே.க.வின் ரணில் விக்கிரமசிங்க பிரதமராகி விடுதலைப் புலிகளோடு போர்நிறுத்தம் செய்துகொண்டபோது, 2003 நவம்பரில் அவர் அமெரிக்காவில் இருந்த சமயம் சந்திரிகா மூன்று அமைச்சுகளைத் தன் கைக்குள் எடுத்தார். அடுத்த பெப்ரவரியில் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அந்தச் சமாதானம் முறிந்ததற்குப் புலிகளின் பங்கு பெரிது என்பதை மறுக்க முடியாது. என்றாலும் தெற்கின் இரண்டு கட்சிகளும் ஒன்றாக ஒரு வரைவை முன்வைத்திருந்தால் மறுத்தவர் யார் என்பதாவது உலகுக்கும் தமிழருக்கும் ஐயமின்றித் தெரிந்திருக்கும்.

அப்படி ஒன்றுசேர முயன்றதே இல்லையா என்றால், உண்டு. 1997இல் பிரித்தானிய அமைச்சர் லியாம் பொக்ஸின் முயற்சியில், இனப்பிரச்சினைத் தீர்வை ஆட்சி மாற்றம் குலைக்காது என்று சந்திரிகாவும் ரணிலும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். நோயைச் சரியாக இனங்கண்ட ஆவணம் அது. கடிதத்தைத் தாண்டி எதுவும் நகரவில்லை. 2015இல் சுதந்திரக் கட்சியின் மைத்திரிபால சிறிசேன தமிழ், முஸ்லிம் வாக்குகளின் பெரும் ஆதரவோடு ஜனாதிபதியாகி, ஐ.தே.க.வோடு தேசிய அரசாங்கமே அமைத்தார். எதிர்க்கட்சித் தலைவர் ஆசனத்தில் தமிழ்த் தலைவர் இரா. சம்பந்தன். அறுபது ஆண்டுகளில் இதைவிடச் சாதகமான அமைப்பு வாய்த்ததில்லை. யாப்பு வரைவுக்கான இடைக்கால அறிக்கை 2017 செப்டம்பரில் வெளிவந்தபோது இரண்டு கட்சிகளும் ஒரே அமைச்சரவைக்குள் இருந்துகொண்டே அடுத்த தேர்தலுக்கான கணக்கைப் போட்டன. 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் முன்னாள் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்சவின் புதிய கட்சி வென்றதும் சிறிசேன நடுங்கினார். ஒக்டோபர் 26ஆம் திகதி இரவு ரணிலை நீக்கி மஹிந்தவைப் பிரதமராக்கினார். உச்ச நீதிமன்றம் தலையிட்டு நிலைமை சீராகும்வரை ஐம்பத்திரண்டு நாட்கள் நாட்டில் யார் பிரதமர் என்பதே கேள்வியாக இருந்தது. யாப்பு வரைவு அதோடு கிடப்பில் போனது.

பழைய இரண்டு கட்சிகளும் இப்போது பெயரளவுக்கே உள்ளன. ஐ.தே.க. 2020இல் நாடு முழுவதும் 2 வீத அளவு வாக்கே பெற்று, ஒரு தேசியப் பட்டியல் ஆசனத்தோடு நின்றது. சுதந்திரக் கட்சியின் தொண்டர் படை ராஜபக்ச முகாமுக்குப் போய், 2022 பொருளாதார வீழ்ச்சியில் அந்த முகாமும் சரிந்தது. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 225இல் 159 இடங்களை வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 அதற்குக் கிடைத்தன. கொழும்பை மையமாகக் கொண்ட ஒரு கட்சிக்கு வடக்கில் இப்படியொரு ஆதரவு இதற்கு முன் கிடைத்ததில்லை. அந்தக் கட்சியின் அச்சாணியான ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) முன்னொரு காலத்தில் மாகாண சபைகளை ஆயுதமேந்தி எதிர்த்தது என்பதை வடக்கு வாக்காளர் மறந்து வாக்களித்திருக்க மாட்டார்கள். வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. மற்ற மாகாணங்களிலும் 2014க்குப் பின் தேர்தல் இல்லை. புதிய அரசு பதவியேற்றபோது ஒன்பது மாகாணங்களையும் ஆளுநர்களே நடத்திக்கொண்டிருந்தார்கள். 1958இல் பண்டாரநாயக்காவாலும் 1968இல் டட்லியாலும் 2000இல் சந்திரிகாவாலும் எதிர்க்கட்சி தடுத்தது என்று சொல்ல முடிந்தது. மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை கையிலுள்ள இந்த அரசுக்கு அந்தப் பதில் இல்லை.